கடைசி எக்காளத்துக்கு முன் சில ஏற்பாடுகள்

மரித்தவர்கள் உயிரோடு எழும்புவார்கள் என்று ஞாயிறு தவறாமல் எழுந்து நின்று அறிக்கையிடுகிறோம். நல்லது. ஆனால் அந்த நாளுக்கான ஏற்பாடுகளைக் கவனிக்க இதுவரை ஒரு கமிட்டிகூடப் போடவில்லை என்பது எனக்குப் பெரிய கவலையாக இருக்கிறது. ஜெனரேட்டர் வாங்கக் கமிட்டி போடுகிறோம். கோபுரத்துக்கு என்ன வண்ணம் அடிப்பது என்று முடிவுசெய்யக் கமிட்டி போடுகிறோம். கிறிஸ்துமஸ் கேக்கில் முந்திரி போதவில்லை என்று புகார் வந்தால் விசாரிக்க உபகமிட்டி உண்டு. உயிர்த்தெழுதலுக்கு மட்டும் ஆள் இல்லை.

பிரச்சினை சாதாரணமானதல்ல. திருச்சி மேலப்புதூரில் இருக்கும் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தையே எடுத்துக்கொள்வோம். அதற்குள் ஒரு சுவர். சுவருக்கு ஒரு பக்கம் சாதிக் கிறிஸ்தவர்கள் புதைக்கப்பட்டார்கள், மறுபக்கம் தலித் கிறிஸ்தவர்கள். பத்திரிகைகள் எழுதின, ஊர்வலங்கள் போயின, ஆய்வாளர்கள் படம் எடுத்துக்கொண்டு போய்ப் பட்டம் வாங்கினார்கள். இப்போது யோசித்துப் பாருங்கள். எக்காளம் தொனிக்கிறது. இரு பக்கத்தாரும் ஒரே நேரத்தில் எழுந்து மண்ணைத் தட்டிக்கொள்கிறார்கள். முதலில் எந்தக் கேட்டைத் திறப்பது? சாவி யாரிடம் இருக்கும்? ஆகாயத்துக்கு எடுத்துக்கொள்ளப்படும்போது அங்கே சுவர் கிடையாதே, தோளோடு தோள் இடித்துவிட்டால் என்ன பரிகாரம்? மகிமையின் சரீரத்துக்குத் தீட்டு உண்டா, இல்லையா? இதையெல்லாம் உயிரோடு இருக்கும்போதே பேசித் தீர்த்துவைப்பதுதானே பெரிய மனிதர்களுக்கு அழகு?

ஆகவே, பரலோக வாசலில் திறவுகோலோடு நிற்பதாக நாம் நம்பும் பேதுரு அப்போஸ்தலருக்கு ஒரு விண்ணப்பம் அனுப்பலாம் என்று இருக்கிறேன். அவர் தட்டிக்கழிக்க மாட்டார் என்று நம்பக் காரணம் உண்டு. இந்த விவகாரத்தில் அவரும் ஒருமுறை நம் கட்சியில் இருந்தவர்தான். அந்தியோகியாவில் புறஜாதியாரோடு உட்கார்ந்து நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், எருசலேமிலிருந்து பெரிய ஆட்கள் வருகிறார்கள் என்றதும் பந்தியிலிருந்து நைசாக எழுந்து ஒதுங்கிக்கொண்டார். பவுல் விடவில்லை. எல்லாருக்கும் முன்பாக, முகத்துக்கு நேராகக் கேட்டுவிட்டார். கலாத்தியர் நிருபம் இரண்டாம் அதிகாரத்தில் இருக்கிறது. அந்த அதிகாரத்தை வைத்து எத்தனையோ பிரசங்கம் கேட்டிருப்பீர்கள். எல்லாம் விசுவாசத்தினாலே நீதிமானாவது பற்றித்தான் இருந்திருக்கும். பவுல் அந்த உபதேசத்தைச் சொல்ல வந்ததே ஒரு சாப்பாட்டுச் சண்டையில் என்பதைச் சொன்னவர்கள் எத்தனை பேர்? யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுவது என்ற கேள்வியை மட்டும் பதமாக உருவி எடுத்துவிட்டு, மிச்சத்தை மூன்று பாயிண்டுகளாகப் பரிமாறுவதில் நம் பிரசங்கிமார் கைதேர்ந்தவர்கள்.

விண்ணப்பத்தின் சாரம் இதுதான். பரலோகத்தில் வாசஸ்தலங்கள் நிறைய உண்டு என்று ஆண்டவரே சொல்லியிருப்பதால் தனித்தனித் தெரு ஒதுக்குவதில் சிரமம் இராது. புதிய எருசலேமுக்குப் பன்னிரண்டு வாசல்கள். அவற்றில் பின்பக்கத்து வாசல் ஒன்றை அவர்களுக்கு விட்டுவிடலாம், எங்களுக்கு ஆட்சேபணை இல்லை. ஜீவ நதியில் மேல்துறை எங்களுக்கு, கீழ்த்துறை அவர்களுக்கு. பொன் வீதியில் சப்பரம் வரும்போது எங்கள் தெருவோடு திரும்பிவிட வேண்டும். ஆட்டுக்குட்டியானவரின் கலியாண விருந்தில் முதல் பந்தி பரம்பரைக் கிறிஸ்தவர்களுக்கு. இரண்டாம் பந்திக்கும் அதே சாப்பாடுதான், அதில் நாங்கள் பாகுபாடு பார்ப்பதில்லை.

இதைப் படித்துவிட்டு, தேவதூஷணம் என்று யாராவது துள்ளினால் அவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் கற்பனை செய்தது இடத்தை மட்டும்தான். தெரு, வாசல், துறை, பந்தி எல்லாம் நம் ஊரில் கிறிஸ்துவின் பெயரால் இருந்தவை. சில இன்னும் இருக்கின்றன.

திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளம் என்று ஒரு ஊர். திருவிதாங்கூர் அரண்மனையில் வேலை பார்த்த நீலகண்டன் 1745-ல் அங்கே ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். அதன் பிறகு சாதி பாராமல் எல்லாரோடும் பழகினார், எல்லாரோடும் சாப்பிட்டார். 1752-ல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். 2022 மே 15 அன்று போப் பிரான்சிஸ் அவரைப் புனிதர் என்று அறிவித்தார். அதற்கு முன்பே அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டிருந்த ‘பிள்ளை’யை வத்திக்கான் எடுத்துவிட்டது. புனிதர் பட்டியலில் ஏறச் சாதிப் பட்டம் தேவையில்லை என்று ரோமாபுரி ஒருவழியாகக் கண்டுபிடித்துவிட்டது. சந்தோஷம்.

இதே வடக்கன்குளத்தில், அந்த மனிதர் செத்து ஒரு நூற்றாண்டுக்கும் மேல் ஆன பிறகு, 1870-களில் ஒரு கோயில் கட்டினார்கள். கால்சட்டைக் கோயில் என்று அதற்குப் பெயர் வந்தது. இரண்டு நீண்ட மண்டபங்கள், பீடத்தில் வந்து கூடும். ஒன்றில் வேளாளர் முதலான சாதியார், மற்றதில் நாடார். நடுவே சுவர். எவரும் எவர் முகத்தையும் பார்க்காமல் எல்லாரும் ஒரே தேவனைப் பார்க்கலாம். எபேசியர் நிருபத்தில் கிறிஸ்து இடித்துப்போட்டதாகப் பவுல் எழுதுகிற நடுச்சுவர் நினைவிருக்கிறதா? அதை நம்மவர்கள் செங்கல்லும் சுண்ணாம்பும் வாங்கி, காணிக்கைப் பணத்தில், பீடம் வரைக்கும் திரும்பக் கட்டிக்கொடுத்தார்கள். ஆண்டவர் செய்த சேதத்தை இவ்வளவு அக்கறையாகச் சரிசெய்துகொடுத்த பக்தர்கள் வேறெங்கே கிடைப்பார்கள்?

1910-ஐ ஒட்டி, கௌசானல் அடிகள் என்ற பிரெஞ்சு சேசு சபைக் குரு அந்தச் சுவரை இடித்தார். உடனே விசுவாசிகள் ஜெபத்தில் தரித்திருந்தார்கள் என்றா நினைக்கிறீர்கள்? கோர்ட்டுக்கு ஓடினார்கள். எங்கள் சுவரைத் திருப்பிக் கொடு என்று வழக்கு. சென்னை உயர்நீதிமன்றம் வரை போய்த் தோற்றார்கள். கிறிஸ்தவ மதம் சாதியை ஏற்பதில்லை என்பதைக் கிறிஸ்தவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வெள்ளைக்கார அரசாங்கத்து நீதிபதிகள் வேண்டியிருந்தது. வேதாகமச் சங்கம் அச்சடித்துக் கொடுத்த அத்தனை பிரதிகளும் செய்யாததை ஒரு தீர்ப்பு நகல் செய்தது. அதையும் மேல்முறையீடு முடிகிற வரைக்கும் நம்பவில்லை.

அது ரோமன் கத்தோலிக்கர் கதை என்று சீர்திருத்தச் சபையார் சிரிக்க வேண்டாம். உங்கள் பக்கமும் வருகிறேன்.

கத்தோலிக்கருக்காவது ஒரு சாக்கு இருந்தது. 1606-ல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நோபிலி காவி கட்டி, பூணூல் தரித்து, ஐயராகவே வாழ்ந்தார். பூணூலும் குடுமியும் சந்தனமும் இருக்கலாம் என்று 1623-ல் போப் பதினைந்தாம் கிரகோரி அனுமதியும் கொடுத்தார். மேல்சாதியாரிடம் போக ஒரு சந்நியாசி, மற்றவர்களிடம் போக ஒரு பண்டாரசாமி என்று சேசு சபையார் ஆட்களைப் பிரித்துக்கொண்டார்கள். மீன் பிடிக்க வலை விரிக்கிறோம் என்று விளக்கம் சொன்னார்கள். மீன் வந்தது. வலையும் கூடவே தங்கிவிட்டது. சரி, அது ஒரு தந்திரம், ஒரு காலம், போகட்டும். வேதமே போதும், பாரம்பரியம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டு 1706-ல் தரங்கம்பாடியில் கப்பல் இறங்கிய லுத்தரன் மிஷனுக்கு என்ன சாக்கு?

அவர்கள் 1733-ல் ஆரோன் என்ற வேளாளரை முதல் தமிழ்க் குருவாக அபிஷேகம் செய்தார்கள். மகிழ்ச்சிதான். அதே காலத்தில் தஞ்சாவூர்ப் பக்கம் ராஜநாயக்கன் என்ற உபதேசியார் இருந்தார். பறையர் சமூகத்தவர், ராணுவத்தில் இருந்தவர். அடி வாங்கி, மிரட்டல் வாங்கி, ஊர் ஊராக நடந்து சபைகளைக் கட்டியவர். அவருக்கும் குருப்பட்டம் கொடுக்கலாமா என்று மிஷனரிகள் ஆலோசித்தார்கள். கொடுக்கவில்லை. அறிவு குறைவா? விசுவாசம் குறைவா? இல்லை. அவர் கையால் அப்பமும் ரசமும் வாங்க மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் முன்வர மாட்டார்கள் என்பதுதான் தயக்கம். கிறிஸ்துவின் சரீரம் என்று விசுவாசித்தார்கள், கிறிஸ்துவின் இரத்தம் என்று விசுவாசித்தார்கள். அதைத் தாங்கி நிற்கும் கை யாருடையது என்பதில்தான் அவர்களுக்கு விசுவாசம் போதவில்லை. 1771-ல் ராஜநாயக்கன் உபதேசியாராகவே செத்தார்.

ஆங்கிலிக்கன் சபையில் ஒருவர் மட்டும் பட்டென்று போட்டு உடைத்தார். கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன், 1833-ல், ஒரு சுற்றறிக்கை. சபைக்குள் சாதி வேற்றுமை கூடாது. ஒரே இடத்தில் உட்கார வேண்டும், திருவிருந்துக்கு ஒன்றாக வர வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாக அல்ல, உடனே. அவ்வளவுதான் சேதி. வேப்பேரியிலும் தஞ்சையிலும் பெரும் கலகம். கூட்டம் கூட்டமாகச் சபையை விட்டு வெளியே போனார்கள். அப்படிப் போனவர்களின் பக்கம் நின்றவர் சாமானியரல்ல, வேதநாயகம் சாஸ்திரியார். அவர் பாட்டை நாம் இன்றும் உருகிப் பாடுகிறோம், நானும் பாடுகிறேன். அந்தக் குரல்தான் அன்றைக்குச் சாதிக்காக வாதாடியது என்பதைப் பாட்டுப் புத்தகத்தின் முன்னுரையில் யாரும் போடுவதில்லை. வெளியே போனவர்கள் கிறிஸ்துவை விட்டுவிட்டார்களா என்றால் அதுவும் இல்லை. சில வருஷம் கழித்து லைப்சிக் மிஷன் வந்தது, சாதி விஷயத்தில் அவ்வளவு கறார் காட்டாத மிஷன் அது. பலர் அங்கே போய்ச் சேர்ந்துகொண்டார்கள். நாடு மாறிய மிஷன், தேவை மாறாத விசுவாசிகள்.

மதுரையில் அமெரிக்க மிஷன் வேறொரு பரீட்சை வைத்தது. 1847-ல், நம் ஊழியர்கள் எல்லாரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடட்டும் என்றது. பந்தி என்றதும் வேலையே போனாலும் சரி என்று எழுந்து போன உபதேசிமார் உண்டு. பாடுகளின் பாதை என்று பிரசங்கம் செய்தவர்கள் ஒரு கவளத்தில் திணறிப்போனார்கள். இன்றைக்கு நம் சபைகளில் அசனப் பண்டிகை நடக்கிறது. ஆட்டுக்கறிக் குழம்பு, ஆயிரம் பேருக்குச் சோறு, பேதமில்லாத ஐக்கிய விருந்து என்று மைக்கில் அறிவிப்பு. ஐக்கியம் உண்மைதான். சாப்பிட்டு முடித்துக் கை கழுவுகிற வரைக்கும் அது இருக்கும்.

எறையூர் என்றால் இளைய தலைமுறைக்குத் தெரியாது. அப்போதைய விழுப்புரம் மாவட்டம். ஜெபமாலை மாதா கோயில். ஊரில் வன்னியர் கிறிஸ்தவர்களும் தலித் கிறிஸ்தவர்களும். தலித்துகளின் பிணம் பொதுத் தெரு வழியே போகக் கூடாது. கல்லறை தனி. தலைமுறை தலைமுறையாக இதைத் தாங்கிவிட்டுக் கடைசியில் அவர்கள் ஒன்று கேட்டார்கள்: எங்களுக்குத் தனிப் பங்கு கொடுத்துவிடுங்கள். கவனியுங்கள், எங்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றுகூடக் கேட்கவில்லை. அந்த ஆசை எப்போதோ செத்துவிட்டது. பிரித்தாவது விடுங்கள் என்றுதான் கேட்டார்கள். அதற்குத்தான் 2008 மார்ச்சில் அவர்கள் வீடுகள் தாக்கப்பட்டன. 9-ஆம் தேதி போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் செத்தார்கள். தவக்காலம் அது. சாம்பல் பூசி, கறி விட்டு, சிலுவைப் பாதை போய்க்கொண்டிருந்த நாள்கள்.

சேர்ந்திருக்கவும் விட மாட்டோம், பிரிந்து போகவும் விட மாட்டோம். இதற்கு என்ன அர்த்தம்? அர்த்தம் ரொம்பத் தெளிவானது. அவர்கள் போய்விட்டால் நாம் யாருக்கு மேலே இருப்பது? கீழே ஒருவன் இருந்தால்தான் நமக்கு மேலே ஒரு இடம். பரலோகம் கிடைக்குமோ கிடைக்காதோ, அது மரித்த பிறகு தெரியவேண்டிய விஷயம். பக்கத்துத் தெருவைவிட நான் உயர்ந்தவன் என்பது இன்றைக்கே கையில் இருக்கிற நித்திய ஜீவன். அதை எவன் விடுவான்?

இப்படியெல்லாம் இருப்பதால் நம் சபைகளில் சத்தியத்தைக் குறித்த அக்கறை இல்லை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. தர்க்கம் என்று வந்துவிட்டால் நமக்கு நிகர் நாமே. ஞானஸ்நானம் தெளிப்பா, முழுக்கா? இந்தக் கேள்விக்காகக் குடும்பங்கள் பேச்சுவார்த்தையை நிறுத்தியிருக்கின்றன. திருவிருந்துக்கு ஒரே பாத்திரமா, சின்னச் சின்னக் கிண்ணமா? ஆராதனையில் டிரம்ஸ் அடிக்கலாமா? கை தட்டலாமா? ஓய்வுநாள் சனியா, ஞாயிறா? தசமபாகம் மொத்தச் சம்பளத்திலா, பிடித்தம் போகக் கையில் வருவதிலா? பொங்கலுக்குப் பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்த சர்க்கரைப் பொங்கலைத் தின்றால் பாவமா? இதற்கெல்லாம் வசனத்தோடு பதில் சொல்ல ஆள் இருக்கிறது. பதிலுக்குப் பதில் சொல்லவும் ஆள் இருக்கிறது. சாதி என்ற தலைப்பில் மட்டும் தர்க்கமே இல்லை. எல்லாச் சபையும் ஒருமனப்பட்டு அமைதியாக இருக்கும் ஒரே பொருள் அது. ஐக்கியம் ஐக்கியம் என்று தேடுகிறவர்கள் இங்கே வந்து பார்க்கலாம்.

நகையை எடுத்துக்கொள்ளுங்கள். சில சபைகளில் முழுக்கு ஞானஸ்நானத்துக்கு வருகிற பெண் தோட்டைக் கழற்ற வேண்டும். மூக்குத்தியைக் கழற்ற வேண்டும். வளையல், பூ, பொட்டு எல்லாம் போக வேண்டும். உலகத்துக்கு ஒப்பான வேஷம் கூடாது. கூலி வேலை செய்து ஒரு கிராமில் தோடு வாங்கிப் போட்டவள், அழுதுகொண்டே அதைக் கழற்றித் தாயின் கையில் கொடுப்பாள். அந்தத் தோட்டோடு பரலோகத்தில் நுழைய முடியாது என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அவளுக்குப் பின்னால் வரிசையில் நிற்கிற பெரிய மனிதர் சாதியோடு தண்ணீரில் இறங்குகிறார், சாதியோடு ஏறுகிறார். அதைக் கழற்றி வைத்துவிட்டு வா என்று எந்தப் பாஸ்டரும் சொல்வதில்லை. சொன்னால் அவர் தண்ணீரிலேயே இறங்க மாட்டார். அவர் இறங்காவிட்டால் அவருடைய தசமபாகமும் இறங்காது.

கல்யாணப் பேச்சு நடக்கும் வீட்டுக்குள் போய்ப் பார்த்தால் நம் இறையியலின் முழு உருவமும் தெரியும். ஞாயிற்றுக்கிழமை நாளிதழில் மணமக்கள் தேவை பக்கத்தைப் பிரியுங்கள். மறுபடியும் பிறந்த, அபிஷேகம் பெற்ற, ஊழிய வாஞ்சையுள்ள மணமகள் தேவை என்று இருக்கும். பக்கத்திலேயே ‘அதே இனம்’ என்றும் இருக்கும். மறுபடியும் பிறந்தாலும் நம்மவர்கள் சரியாக அதே சாதியில் வந்து பிறந்துவிடுகிறார்கள், வழி தவறுவதே இல்லை. நிக்கொதேமுக்கு இந்தத் தொழில்நுட்பம் தெரிந்திருந்தால் ராத்திரியில் வந்து அவ்வளவு கேள்வி கேட்டிருக்க மாட்டான்.

“அண்ணாச்சி, பையன் நல்லா ஜெபிக்கிற பையன். வாலிபர் சங்கச் செயலாளர்.”

“ஸ்தோத்திரம். சொந்த ஊரு எது?”

“பாங்க்ல வேலை. வரதட்சணை வேண்டாங்காக.”

“கர்த்தர் நல்லவர். அது சரி, அவுக என்ன ஆளுக?”

“அண்ணாச்சி, அவுக… வேற ஆளுக.”

“அப்ப நாம ஜெபிச்சிட்டுச் சொல்லுவோம்.”

ஜெபித்துவிட்டுச் சொல்வோம் என்றால் அந்த வீட்டில் பதில் வந்துவிட்டது என்று அர்த்தம். கர்த்தருடைய சித்தம் வேறே என்று மறுநாள் தகவல் போகும். தன் சாதிப் பெருமையை ஆண்டவர் தலையில் போட்டு அனுப்புகிற இந்த வித்தைக்குப் பத்துக் கட்டளைகளில் மூன்றாவது கட்டளை ஒரு பெயர் வைத்திருக்கிறது, எடுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதே ஆளுக கணக்குதான் திருமண்டலத் தேர்தலிலும். அணி பிரிப்பது, எந்தச் சேகரத்தில் எந்தச் சாதி எத்தனை ஓட்டு என்று கணக்குப் போடுவது, ஜெபக்கூட்டம் என்ற பெயரில் ஆள் திரட்டுவது, கடைசியில் போலீஸ் பந்தோபஸ்து. பள்ளி, கல்லூரி, ஆஸ்பத்திரி, காலி மனை எல்லாம் அந்த நாற்காலியோடு வருகின்றன என்பது காணிக்கைத் தட்டு தூக்குகிற சிறுவனுக்குக்கூடத் தெரியும். சண்டை முற்றி, சபைச் சொத்தை நிர்வகிக்க நீதிமன்றம் ஓய்வுபெற்ற நீதிபதியை அனுப்பிவைத்த திருமண்டலங்கள் உண்டு. விசுவாசிகள் அவிசுவாசிகள் முன் வழக்காடப் போகலாமா என்று கொரிந்தியரைப் பார்த்துப் பவுல் வெட்கப்பட்டார். கொரிந்து சபை நம்மைப் பார்த்தால் மெம்பர்ஷிப் பாரம் கேட்கும்.

இனி டெல்லிக்குப் போவோம். இங்கேதான் நம் நாடகத்தின் உச்சக் காட்சி.

1950-ல் குடியரசுத் தலைவர் ஆணை ஒன்று வந்தது. இந்துக்கள் மட்டுமே பட்டியல் சாதியினர் என்றது. 1956-ல் சீக்கியரைச் சேர்த்தார்கள், 1990-ல் பௌத்தரைச் சேர்த்தார்கள். கிறிஸ்தவர் வெளியேதான். காரணம், கிறிஸ்தவத்தில் சாதி இல்லையாம். இந்த நாட்டில் கிறிஸ்தவ மதத்தின் தூய்மையை மெய்யாகவே விசுவாசிக்கிற ஒரே சபை மத்திய அரசாங்கம்தான். இது அநியாயம், பச்சை அநியாயம். இந்தியக் கிறிஸ்தவரில் பெரும்பகுதியினர் தலித்துகள். ஞானஸ்நானத் தண்ணீர் தலையில் பட்டதால் எந்த ஊரிலும் டீக்கடைக்காரர் அவர்களுக்கு நாற்காலி போடவில்லை. 2007-ல் அரசிடம் கொடுக்கப்பட்ட ரங்கநாத் மிஸ்ரா ஆணைய அறிக்கை மத வேறுபாட்டை எடுத்துவிடச் சொன்னது. 2004-ல் போட்ட வழக்கு உச்ச நீதிமன்றத்தில் ஆண்டுக் கணக்காகக் கிடந்தது. 2022-ல் கே. ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையம் போட்டார்கள். ஆணையத்துக்கு மேல் ஆணையம் போட்டுக் காலம் கடத்துவதற்குச் சபைக் கமிட்டிகளிடம்தான் பாடம் கற்றிருக்க வேண்டும்.

ஆகஸ்ட் 10 வந்தால் கறுப்புத் தினம். ஆயர்களும் பேராயர்களும் கறுப்புப் பட்டை அணிந்து ஊர்வலம் வருகிறார்கள். எங்கள் மக்கள் மதம் மாறியும் சாதிக் கொடுமை அனுபவிக்கிறார்கள், உரிமை கொடு என்று முழக்கம். கோரிக்கை நூற்றுக்கு நூறு நியாயம். என் ஆத்திரம் அதன் மேல் அல்ல. அந்தக் கொடுமையை அனுபவிக்கிறார்கள் சரி, கொடுக்கிறவர்கள் யார்? அதில் பாதியைக் கொடுப்பவர்கள் நம் சபைக் கமிட்டியில் இருக்கிறார்கள். சிலர் ஊர்வலத்துக்குப் பஸ் ஏற்பாடு செய்துகொடுத்தவர்களாகவும் இருப்பார்கள். டெல்லியில் போய், எங்கள் மதத்தில் சாதி இருக்கிறது என்று நிரூபிக்கிறோம். ஊருக்கு வந்து பீடத்தில் நின்று, கிறிஸ்துவுக்குள் சாதி இல்லை என்று பிரசங்கிக்கிறோம். இரண்டையும் ஒரே வாயால், ஒரே வாரத்தில்.

சூசை வழக்கு என்று ஒன்று உண்டு. சென்னையில் ரோட்டோரம் உட்கார்ந்து செருப்புத் தைத்தவர். அரசாங்கம் செருப்புத் தைக்கும் தொழிலாளிகளுக்கு இலவசமாகப் பெட்டிக்கடை கொடுத்தது. அவர் கிறிஸ்தவர் என்பதால் கிடைக்கவில்லை. உச்ச நீதிமன்றம் வரை போனார். 1985-ல் தீர்ப்பு. கிறிஸ்தவரான பிறகும் அதே சாதி இழிவு அதே கொடுமையோடு தொடர்கிறது என்பதற்குப் போதுமான ஆதாரம் காட்டப்படவில்லை என்று நீதிமன்றம் அவர் மனுவை ஏற்கவில்லை. ஆதாரம் இல்லையா? நம் கல்லறைத் தோட்டங்களில் செங்கல் செங்கலாக அடுக்கி வைத்திருக்கிறோமே, அது ஆதாரம் இல்லையா? மணமக்கள் தேவை பக்கத்தில் வாராவாரம் காசு கொடுத்து அச்சடிக்கிறோமே? எந்த மேற்றிராசனமாவது, இதோ எங்கள் சுவரின் படம், இதோ எங்கள் இரட்டைத் தெருவின் வரைபடம் என்று சத்தியப் பிரமாணத்தோடு கொண்டுபோய்க் கொடுத்திருக்கலாம். அப்படிக் கொடுத்தால் மறுநாளே சுவரை இடிக்க வேண்டி வருமே! ஒரு ஏழை மனிதன் ஒரு பெட்டிக்கடையை இழந்தான். நம் மானம் தப்பியது.

இதெல்லாம் மெல்ல மெல்ல மாறும், காலம் எடுக்கும், மனமாற்றம் பரிசுத்த ஆவியானவரின் வேலை என்று சொல்கிற பெரியவர்களை எனக்குத் தெரியும். தேர்தல் அறிவிப்பு வந்தால் இவர்கள் பரிசுத்த ஆவியானவருக்காகக் காத்திருப்பதில்லை. நிலத் தகராறு வந்தால் காத்திருப்பதில்லை. 2003 நவம்பரில் தமிழ்நாட்டு ஆயர்கள் ரோமுக்குப் போனபோது போப் இரண்டாம் ஜான் பாலே சாதிப் பாகுபாட்டைக் கண்டித்துப் பேசி அனுப்பினார். திரும்பி வந்தார்கள். நாலு ஆண்டுச் சொச்சம் கழித்து எறையூர். தலித் சமூகத்திலிருந்து ஒரு கர்தினால் வருவதற்கு இந்தியத் திருச்சபைக்கு 2022 ஆகஸ்ட் ஆனது. நோபிலி மதுரைக்கு வந்ததிலிருந்து எண்ணினால் 416 ஆண்டுகள். இதைவிட மெல்ல மாறுவதற்கு மலைகளுக்கு மட்டும்தான் முடியும்.

ஆயர்மாருக்கும் பேராயர்மாருக்கும் என் வேண்டுகோள் ஒன்றுதான். பெரிய திட்டம் எதுவும் வேண்டாம். சாதிச் சுவரோ சாதி வரிசையோ இருக்கிற கல்லறைத் தோட்டத்தில் இனி எங்கள் குருமார் யாருக்கும் அடக்க ஆராதனை நடத்த மாட்டார்கள், செத்தவர் எவ்வளவு பெரிய காணிக்கைக்காரர் ஆனாலும் சரி. தேர்பவனி ஒரு தெருவுக்கு மட்டும் போகாது என்றால் அந்த ஊரில் அந்த ஆண்டு திருவிழாவே கிடையாது. சாதி கேட்டு நடக்கிற பெண் பார்ப்புக்கு எந்த ஐயரும் போய் ஜெபித்து ஆரம்பித்துவைக்கக் கூடாது. இப்படி ஒரு சுற்றறிக்கை எழுத அரைப் பக்கம் போதும். அதைக்கூட யோசித்து எழுத வேண்டியதில்லை. 1833-ல் டேனியல் வில்சன் எழுதியது இருக்கிறது. தேதியை மட்டும் மாற்றிக் கையெழுத்துப் போடுங்கள்.